அக்காவோடு துணிக்கடை: சரிபாதியா, சம்பளமா, தனித்தனிக் கணக்கா?

"கூடப் பிறந்தவரோடு சேர்ந்து ஒரு பூட்டிக் வைக்கப் போகிறோம், பங்கை எப்படிப் பிரித்துக்கொள்வது?" என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒரே கேள்விதான். சரக்கு எடுக்கப் போவது யார்? "ரெண்டு பேரும் சேர்ந்துதான்" என்று சந்தோஷமாகப் பதில் வரும். நானும் அக்காவும் அப்படிச் சொல்லித்தான் தொடங்கினோம். கடைக்கு இப்போது 11 வயது. இதற்குள் எங்கள் ஏற்பாட்டை மூன்று விதமாக வைத்துப் பார்த்துவிட்டோம். இன்னொரு விதத்தை, நன்கு பழகிய ஒரு குடும்பத்தில் அண்ணனும் தம்பியும் நடத்தியதைப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன்.

ஆக மொத்தம் நான்கும் இவை: எல்லாவற்றிலும் சரிபாதி; ஒருவர் முதலாளி, மற்றவர் சம்பளத்தில்; ஒரே கூரையின்கீழ் இரண்டு கணக்கு; பங்கு சரிபாதி, அதிகாரம் தனித்தனி. நான் எந்தப் பக்கம் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். இருவரும் முதல் போட்டிருந்தால் நான்காவது. ஒருவர் மட்டும் முதல் போட்டிருந்தால் இரண்டாவது. ஏன் என்பதற்குத்தான் இவ்வளவு எழுத வேண்டியிருக்கிறது.

சண்டை எங்கே இருக்கிறது

பணம் என்றால் பங்கு என்று நினைக்கிறோம். துணிக்கடையில் பணம் ஸ்டாண்டில் தொங்குகிறது. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு ரகத்தில் 100 உருப்படி எடுக்கிறீர்கள். ஒன்றின் அடக்கம் 50, விற்கும் விலை 100. சின்னத் துணிக்கடைகளில் அடக்கத்தை இரட்டிப்பாக்கி விலை போடுவது பழைய வழக்கம்தான். முதல் 50 உருப்படி விற்றால் போட்ட முதல் கைக்கு வரும். அடுத்த 30 உருப்படி வாடகை, மின்சாரம், உதவியாளர் சம்பளம், டெய்லர் கூலி என்று போய்விடும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆக, லாபம் என்று ஒன்று இருந்தால் அது கடைசி 20 உருப்படியில்தான் இருக்கிறது.

அந்த 20 எப்படிப்பட்டவை என்று கடை வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். மிகச் சிறியதும் மிகப் பெரியதுமான சைஸ், யாரும் கேட்காத நிறம், பலர் போட்டுப் பார்த்துக் கழுத்துப் பகுதி கசங்கிப்போனது. சீசன் முழுக்க இரண்டு பேர் உழைத்த லாபம் அந்த மூலையில் தொங்கிக்கொண்டிருக்கும்.

சரி, 20 சதவீதம் தள்ளுபடி கொடுத்துத் தள்ளிவிடலாம் என்றால், 100-க்கு விற்றது 80 ஆகிறது. உருப்படிக்கு 50 நின்ற இடத்தில் 30 நிற்கும். விலையில் ஐந்தில் ஒன்றை விட்டுக்கொடுத்தால் ஆதாயத்தில் ஐந்தில் இரண்டு போய்விடுகிறது. முன்பு மூன்று விற்றுச் சம்பாதித்ததற்கு இப்போது ஐந்து விற்க வேண்டும். இதற்கு மேல் இன்னொரு சிக்கலும் உண்டு. அடுத்த சீசனுக்கு ஆர்டர் கொடுக்க வேண்டிய நேரத்தில் இந்த சீசன் சரக்கு பாதிகூட விற்றிருக்காது. எது ஓடும், எது தேங்கும் என்று தெரியாத நிலையில்தான் ஒவ்வொரு ஆர்டரும் போகிறது.

உடன்பிறந்தவர்களுக்கிடையே வரும் மனக்கசப்பில் பெரும்பகுதி இந்த இரண்டு இடத்தில்தான் பிறக்கிறது என்பது என் அனுபவம். எதை எடுப்பது என்பது ஒன்று. தேங்கியதை எப்போது, எவ்வளவுக்குக் குறைத்துத் தள்ளுவது என்பது மற்றொன்று. கீழே வரும் எந்த ஏற்பாட்டையும் இந்த இரண்டு கேள்விக்கும் அது பதில் வைத்திருக்கிறதா என்று பார்த்தே எடைபோடுகிறேன்.

எல்லாவற்றிலும் சரிபாதி

எங்கள் முதல் நான்கு வருடம் இப்படித்தான். போட்ட முதலில் பாதிப் பாதி, உழைப்பில் பாதிப் பாதி, எந்த முடிவும் சேர்ந்து. கேட்க மிக நியாயமாக இருக்கும். தொடங்கும்போது இது கொடுக்கும் தெம்பு பெரிது, அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். வியாபாரம் இல்லாத நாளில் தனியாகக் கல்லாவில் உட்கார்ந்திருப்பதற்கும், "நாளைக்குப் பார்க்கலாம்டி" என்று சொல்ல ஒருத்தி பக்கத்தில் இருப்பதற்கும் உள்ள வித்தியாசம் உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

ஆனால் கொள்முதலுக்குப் போகும்போது என்ன நடந்தது? எனக்குப் பிடித்தது லினன், வெளிர் நிறம், பூ வேலை இல்லாதது. அக்காவுக்குப் பெரிய பிரிண்ட், அடர் நிறம். இரண்டு பேருமே விட்டுக்கொடுக்கத் தயார், ஆளுக்கொன்றாக இரண்டையும் எடுத்துவிடுவோம். வீட்டில் விட்டுக்கொடுத்தால் சமாதானம் வரும். கொள்முதலில் விட்டுக்கொடுத்தால் சரக்கு வரும். எங்கள் மூன்றாவது வருட முடிவில் ஸ்டாக் எடுத்தபோது, கையிருப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரு வருடம் தாண்டிய சரக்காக இருந்தது. கணக்கில் லாபம், கையில் காசில்லை. அன்று இரவு நாங்கள் இருவரும் பேசவே இல்லை.

தாளில் சரிபாதி என்று எழுதினாலும் மூத்தவர் குரலுக்கு எடை அதிகம் என்பதையும் சொல்ல வேண்டும். அக்கா என்னை அடக்கியதே இல்லை. ஆனாலும் அவள் ஒரு முறை உச்சுக்கொட்டினால் நான் கையிலிருந்த சாம்பிளைக் கீழே வைத்துவிடுவேன். சிறு வயதிலிருந்து வந்த பழக்கம், கடையின் வாசலில் செருப்போடு கழற்றிவிட்டு வர முடியாது. வாடிக்கையாளர்களுக்கும் இது சீக்கிரம் புரிந்துவிடும். என்னிடம் விலை குறையவில்லை என்றால் அக்கா இருக்கும் நேரம் பார்த்து வருவார்கள்.

இன்னொன்று சட்டம் சார்ந்தது. விவரம் நாட்டுக்கு நாடு மாறும். ஆனால் சாதாரணக் கூட்டு வியாபாரத்தில் பரவலாக இருக்கும் விதி இது: கடை விஷயமாக ஒரு கூட்டாளி போடும் கையெழுத்து மற்றவரையும் கட்டும், கடையால் அடைக்க முடியாத கடன் சொந்தச் சொத்து வரை வரும். லிமிடெட் கம்பெனியாகப் பதிவு செய்தால் இதற்கு ஓரளவு தடுப்பு கிடைக்கும். ஆனால் சின்னக் கடை என்றால் கட்டட உரிமையாளரும் வங்கியும் தனிப்பட்ட உத்தரவாதக் கையெழுத்தைக் கேட்பது சகஜம். அதில் போட்டுவிட்டால் அந்தக் கடன் மட்டும் மறுபடி உங்கள் வீட்டு வாசலில் நிற்கும். யார் எதில் கையெழுத்திட்டிருக்கிறார் என்று இருவருக்கும் தெரிந்த ஒரு பட்டியல் இருக்க வேண்டும். எங்களிடம் முதல் நான்கு வருடம் இருக்கவில்லை.

ஒருவர் முதலாளி, மற்றவர் சம்பளத்தில்

இதைச் சொன்னாலே பலருக்கு முகம் சுருங்கும். "சொந்தத் தம்பிக்குச் சம்பளமா?" என்பார்கள். நான் மேலே சொன்ன அண்ணன் தம்பி இப்படித்தான் நடத்தினார்கள். முதல் முழுக்க அண்ணனுடையது, கடன் பத்திரத்தில் கையெழுத்தும் அவருடையது. தம்பி கடையைப் பார்த்துக்கொண்டார். எதை எடுப்பது என்பதில் ஒரு குழப்பமும் இல்லை. அண்ணன் எடுத்தது தேங்கினால் அண்ணன் பணம் போகும், அவ்வளவுதான். மேலே சொன்ன இரண்டு கேள்விக்கும் இதைவிடத் தெளிவான பதில் வேறு எந்த ஏற்பாட்டிலும் கிடையாது.

கெட்டது வேறு இடத்தில். தம்பிக்குக் கொடுத்த சம்பளம், வெளியே அதே வேலைக்கு ஓர் ஆளை வைத்தால் கொடுக்க வேண்டியதைவிடக் குறைவு. "நம் கடைதானே" என்று அவரும் கேட்கவில்லை. ஆறு வருடம் அப்படியே ஓடியது. கடை நன்றாக வந்த பிறகு தம்பி பங்கு கேட்டார், அண்ணனுக்கு அது அதிர்ச்சி. இரண்டு பேர் சொன்னதும் நியாயம்தான். தம்பி குறைவாக வாங்கிய ஒவ்வொரு மாதமும் அந்த வித்தியாசத்தைக் கடையில் முதலாகப் போட்டிருக்கிறார், ஆனால் அது எங்குமே எழுதப்படவில்லை. தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்று சும்மாவா சொன்னார்கள்?

ஆகவே இந்த வழியில் போகிறவர்களுக்கு இரண்டு நிபந்தனை. ஒன்று, சம்பளம் வெளியாளுக்குக் கொடுப்பதற்குச் சமமாக இருக்க வேண்டும். முடியாவிட்டால் குறைகிற தொகையை மாதாமாதம் ஒரு நோட்டில் ஏற்றி, அது கடனா, பிற்காலப் பங்கா என்று முதல் நாளே முடிவு செய்ய வேண்டும். இரண்டு, மறுபடி உட்கார்ந்து பேசும் தேதியைக் குறித்து வைக்க வேண்டும். "கொஞ்ச நாள் போகட்டும்" என்பது தேதி ஆகாது. இந்த இரண்டும் இருந்தால், ஒருவர் மட்டும் முதல் போட்டிருக்கும் கடைக்கு இதைவிட நல்ல ஏற்பாடு எனக்குத் தெரியவில்லை. துணித் தொழில் தனக்கு ஒத்துவருமா என்று பார்க்க வருகிற தம்பி தங்கைக்கும் இதுதான் சரி. பங்கு கொடுப்பது சுலபம், கொடுத்த பங்கைத் திரும்ப வாங்குவதுதான் குடும்பத்தை இரண்டாக்கும்.

ஒரே கூரை, இரண்டு கணக்கு

ஐந்தாம் வருடம் இதைச் செய்து பார்த்தோம். வலப் பக்கம் அக்காவின் சரக்கு, இடப் பக்கம் என்னுடையது, பில் புத்தகம் இரண்டு. வாடகையை அவரவர் பிடித்த இடத்தின் அளவுப்படி பிரித்தோம்.

ஒரு வருடம்கூடத் தாங்கவில்லை. கண்ணாடி டிஸ்ப்ளேயில் யார் பொம்மை நிற்பது, வாசலுக்குப் பக்கத்து ஸ்டாண்ட் யாருக்கு, அக்கா இல்லாத நேரத்தில் அவள் சரக்கை நான் எவ்வளவு உற்சாகமாகக் காட்டினேன் என்று எல்லாமே கணக்கானது. ஒரே வாடிக்கையாளரிடம் இரண்டு விற்பனைக்காரிகள் ஆனோம். இரண்டு பேரும் துணிதான் விற்கிறீர்கள் என்றால் இந்த வழி வேண்டாம். ஒருவர் துணி, மற்றவர் தையல், ஆல்டரேஷன் என்று தொழிலே வேறாக இருந்தால் நன்றாகவே ஓடும். ஒருவரிடம் வந்த ஆள் மற்றவரிடமும் போவார், போட்டி இருக்காது.

பங்கு சரிபாதி, அதிகாரம் தனித்தனி

இத்தாலியில் 1965-இல் பெனட்டன் கம்பெனியைத் தொடங்கிய நான்கு பேரும் உடன்பிறந்தவர்கள். ஜூலியானா பின்னலாடை வடிவமைப்பு, லூசியானோ விற்பனை, ஜில்பர்ட்டோ நிதி, கார்லோ உற்பத்தி என்று பிரித்துக்கொண்டார்கள். நம் தெருமுனைக் கடைக்கும் அந்த அளவுக்கும் சம்பந்தமே இல்லைதான். ஆனால் ஒருவர் கைவைக்கும் இடத்தில் மற்றவர் கைவைக்காமல் இருப்பது எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதற்கு அந்த நால்வரை எனக்கு அடிக்கடி ஞாபகம் வரும்.

வேலையைப் பிரித்துவிட்டால் மட்டும் போதும் என்றும் சொல்ல முடியாது. ஜெர்மனியில் ஹெர்ட்சோகனவுராக் என்ற சிற்றூரில் ருடால்ஃப் டாஸ்லர், அடோல்ஃப் டாஸ்லர் என்ற அண்ணன் தம்பி 1920-களில் சேர்ந்து காலணிக் கம்பெனி நடத்தினார்கள். தம்பிக்குக் காலணி செய்வதில் கை, அண்ணனுக்கு விற்பதில். எவ்வளவு பொருத்தமான ஜோடி! 1948-இல் பிரிந்தார்கள். அண்ணன் தொடங்கியது பூமா, தம்பி தொடங்கியது அடிடாஸ். வேலையாட்களும் இரண்டாகப் பிரிந்தார்கள், ஊரே இரண்டாக நின்றது. அவர்கள் கடைசிவரை சேரவில்லை. கம்பெனிகள் இரண்டும் உலகம் முழுக்க வளர்ந்ததைச் சொல்லி இதைப் பெருமையாகப் பேசுகிறவர்கள் உண்டு. எனக்கு அந்த அண்ணன் தம்பியை நினைத்தால் மனம் கனத்துப்போகும்.

எங்கள் ஏற்பாட்டை விவரமாகவே சொல்கிறேன், வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள்.

எதை எடுப்பது என்பது அக்கா முடிவு. நிறம், வெட்டு, எந்த மொத்த வியாபாரி, எந்த சைஸ் எத்தனை என்பது எதிலும் நான் தலையிடுவதில்லை. எவ்வளவுக்கு எடுப்பது என்பது என் முடிவு. அந்த உச்சவரம்பைக் கணக்குப் போட்டுத்தான் சொல்கிறேன். வரும் சீசனில் விற்கும் என்று எதிர்பார்க்கும் சரக்கின் அடக்கம், சீசன் முடியும்போது கையில் இருக்க வேண்டிய சரக்கு, இரண்டையும் கூட்டுவேன். அதிலிருந்து இப்போது கையில் இருப்பதையும், ஆர்டர் கொடுத்து இன்னும் வந்து சேராததையும் கழிப்பேன். மிஞ்சுவதுதான் அக்கா செலவழிக்கலாம். உதாரணமாக, விற்க நினைப்பது 400, கடைசியில் இருக்க வேண்டியது 150, கையில் 220, வர வேண்டியது 80 என்றால், 250-க்கு எடுக்கலாம். பழைய சரக்கு தேங்கினால் புதிது எடுக்கும் அளவு தானாகவே சுருங்கும். "வேண்டாம்" என்று நான் சொல்ல வேண்டியதில்லை, தாள் சொல்லிவிடும். எங்கள் உறவைக் காப்பாற்றியது இந்த ஒரு கழித்தல் கணக்கு என்றால் மிகையில்லை.

அந்த வரம்பில் பத்தில் ஒரு பங்கு எனக்கு. ஒரே ஒரு ஸ்டாண்ட், அதில் நான் விரும்பியதை வைத்துப் பார்ப்பேன். கடையில் தன் ரசனைக்கு ஒரு மூலைகூட இல்லாமல் யாரும் 11 வருடம் உட்கார முடியாது.

தள்ளுபடிக்கு நாள் குறித்திருக்கிறோம். வந்து 10 வாரம் ஆனால் முதல் குறைப்பு, 14 வாரத்தில் இரண்டாவது. எடுத்தவர் கையால் விலை குறைக்கக் கூடாது, மற்றவர்தான் குறைக்க வேண்டும். தான் பார்த்துப் பார்த்து எடுத்ததன் விலையைக் குறைக்க யாருக்கும் மனம் வராது, "இன்னும் ஒரு வாரம்" என்று தள்ளிக்கொண்டே போகும்.

பணத்தில் சம்பளம் வேறு, லாபம் வேறு. கடையில் நின்ற நேரத்துக்கு மாதச் சம்பளம், அது செலவுக் கணக்கில். அதன்பிறகு நிற்பதுதான் லாபம், அதுதான் பாதிப் பாதி. அக்கா பிள்ளைப்பேற்றுக்குப் போன எட்டு மாதத்தில் இந்த ஒரு விதி எத்தனை பேச்சைத் தவிர்த்தது என்று எனக்குத் தெரியும். கடையிலிருந்து வீட்டுக்கு ஓர் உடுப்பு எடுத்தாலும் அடக்க விலைக்குப் பில் உண்டு. ஆற்றில் போட்டாலும் அளந்து போட வேண்டும். கணவர்மார் ஆலோசனை சொல்லலாம், கல்லாவில் உட்காரக் கூடாது என்பதையும் எழுதியிருக்கிறோம். அவர்களும் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை.

பிரிய நேர்ந்தால்? இதைப் பேசத்தான் எங்களுக்குக் கடினமாக இருந்தது, அக்கா அழுதேவிட்டாள். ஒருவர் விலையைச் சொல்ல வேண்டும், அந்த விலைக்கு விற்பதா, வாங்குவதா என்று மற்றவர் தேர்ந்தெடுப்பார். பலகாரத்தை ஒரு பிள்ளை வெட்டி இன்னொரு பிள்ளை எடுப்பது மாதிரி. குறைத்துச் சொன்னால் அந்தக் குறைந்த விலைக்கே தன் பாதியை இழக்க வேண்டிவரும், அதனால் நியாயமான விலைதான் வாயில் வரும். ஆனால் கையில் பணம் இருப்பவர் பக்கம் இது சாயும். மற்றவரால் வாங்க முடியாது என்று தெரிந்தால் அடிமாட்டு விலை சொல்லலாம். அதனால் மூன்று வருடத் தவணையில் கட்டலாம் என்று சேர்த்தோம். சரக்கின் மதிப்புக்கும் முன்கூட்டியே ஒரு வழி வைத்தோம்: இந்த சீசன் சரக்கு முழு அடக்கத்துக்கு, போன சீசன் பாதிக்கு, அதற்கு முந்தியது பூஜ்யம்.

குறை இல்லையா என்றால், இருக்கிறது. இரண்டு பேரின் பலமும் ஒரே இடத்தில் இருந்தால் இந்த ஏற்பாடு நிற்காது. இருவரும் ரசனைக்காரர்கள், கணக்கில் இருவருக்கும் ஆர்வமில்லை என்றால் கணக்குக்கு வெளியாள் ஒருவரைச் சம்பளத்துக்கு வைத்து, அவர் சொல்லும் வரம்புக்கு இருவரும் கட்டுப்பட வேண்டும். கடையில் தினமும் நிற்காமல் வேறு வேலையில் இருந்துகொண்டு அதிகாரம் மட்டும் வைத்திருக்கும் அண்ணனோ அக்காவோ என்றாலும் ஒத்துவராது.

கடையில் நிற்க விருப்பமில்லாமல் பணம் மட்டும் கொடுக்க முன்வருகிற உடன்பிறப்பு இருந்தால், அதைக் கடனாகவே வாங்குங்கள். திருப்பும் தேதியும் தொகையும் எழுதுங்கள். கடன் ஒருநாள் முடியும், பங்கு முடியாது.

ஏற்கனவே கடை ஓடுகிறது, எதுவும் எழுதவில்லை என்றால், ஸ்டாக் எடுக்கும் நாளன்று இரவு உட்காருங்கள். என்ன தேங்கியிருக்கிறது என்று இருவர் கண்ணிலும் பட்டிருக்கும், யார் எடுத்தது என்ற பேச்சுக்குப் போகாமல் அடுத்த சீசன் வரம்பிலிருந்து தொடங்கலாம். நாங்கள் எழுதிய தாள் இரண்டு பக்கம்தான். பிறகு வழக்கறிஞரிடம் கொடுத்து முறையாக்கிக்கொண்டோம். வருடத்துக்கு ஒருமுறை எடுத்துப் படிக்கிறோம்.

வரும் திங்கட்கிழமை என் ஸ்டாண்டில் இருக்கும் வெளிர் பச்சை லினனுக்கு 10 வாரம் முடிகிறது. இன்னும் ஒன்பது உருப்படி தொங்குகிறது. அக்கா காலையிலேயே வந்து புது விலைச்சீட்டு எழுதுவதாகச் சொல்லியிருக்கிறாள்.